ஊசி போடுபவர் எல்லோரும் செவிலியரா? பதிவு, பணி, பொறுப்பு: ஒரு விளக்கம்

ஊசி போட்ட சிறிது நேரத்தில் நோயாளி இறந்தார் என்று ஒரு செய்தி வந்தால், முதல் நாள் தலைப்பில் "செவிலியர்" என்று இருக்கும். இரண்டாம் நாள் செய்தியின் கடைசிப் பத்தியில், ஊசி போட்டவர் முறையான செவிலியர் படிப்பு எதையும் முடிக்காதவர் என்ற தகவல் வரும். அதே வாரத்தில், பணி நிரந்தரம் கேட்டுச் செவிலியர்கள் போராடும் படமும் நாளிதழில் இருக்கும். பேருந்து நிலையத்துச் சுவரிலோ "ஓராண்டு நர்சிங், வேலை உறுதி" என்ற சுவரொட்டி தொங்கும். இம்மூன்றையும் சேர்த்துப் பார்க்கும் ஒருவருக்கு, செவிலியர் என்பவர் யார், அவர் எதற்குப் பொறுப்பு, எதற்குப் பொறுப்பல்லர் என்ற குழப்பம் வருவது இயல்பே.

குழப்பத்தின் வேர் ஒரு தவறான எண்ணத்தில் இருக்கிறது. மருத்துவர் சொல்வதைச் செய்து முடிப்பவரே செவிலியர் என்று பெரும்பாலோர் நினைக்கிறார்கள். மருத்துவமனை நடத்துவோரிலும் சிலர் அப்படித்தான் நினைக்கிறார்கள். உண்மையில் செவிலியர் தாமாகக் கவனித்து, தாமாக முடிவெடுத்து, அந்த முடிவுக்குத் தாமே பதில் சொல்லக் கடமைப்பட்டவர். இதைப் புரிந்துகொண்டால்தான் படிப்பு, பதிவு, சட்டம், ஆள் பற்றாக்குறை என்று தனித்தனியாகத் தெரியும் விஷயங்கள் ஒரே சங்கிலியின் கண்ணிகள் என்பது விளங்கும்.

1. சட்டத்தின் பார்வையில் செவிலியர் யார்?

தமிழ்நாட்டில் செவிலியர் பணிக்கு வரும் முறையான வழிகள் சிலவே.

1. ஏ.என்.எம். (துணைச் செவிலியர் மற்றும் தாதி) எனப்படும் இரண்டாண்டுப் படிப்பு. கிராமத்தில் "நர்ஸம்மா" என்று அழைக்கப்படும் கிராம சுகாதார செவிலியர் இந்த வழியில் வருபவர். சமவெளியில் சுமார் 5,000 பேருக்கும் மலைப்பகுதியில் சுமார் 3,000 பேருக்கும் ஒரு துணை சுகாதார நிலையம் என்பது விதி. அதன் முழுப் பொறுப்பும் பெரும்பாலும் அவர் ஒருவருடையதே.

2. ஜி.என்.எம். (பொதுச் செவிலியம் மற்றும் தாதியம்) எனப்படும் மூன்றாண்டுப் பட்டயப் படிப்பு. மருத்துவமனை வார்டுகளில் "ஸ்டாஃப் நர்ஸ்" ஆக இருப்பவர்களில் கணிசமானோர் இதை முடித்தவர்கள்.

3. நான்காண்டு பி.எஸ்சி. நர்சிங். இதன் முதலாண்டிலேயே "செவிலிய அடிப்படைகள்" தனிப் பாடமாக உண்டு. இதற்கு மேல் எம்.எஸ்சி. படிப்பும், தீவிர சிகிச்சைக்கான சிறப்புச் செவிலியர் படிப்பும் இருக்கின்றன.

படித்து முடித்த உடனே ஒருவர் செவிலியர் ஆகிவிடுவதில்லை. தமிழ்நாடு செவிலியர் மற்றும் தாதியர் குழுமத்தில் பெயரைப் பதிந்து எண் பெற்ற பிறகே அவர் பதிவு பெற்ற செவிலியர். இந்தப் பதிவு முறை புதிதன்று; மதராஸ் மாகாணத்தில் 1926-லேயே இதற்குச் சட்டம் வந்தது. நாடு முழுவதற்கும் படிப்பின் தரத்தை வகுக்க 1947-ல் இந்திய செவிலியர் குழுமச் சட்டம் இயற்றப்பட்டது. அதற்கு மாற்றாக, தேசிய ஆணையம் ஒன்றையும் நாடு தழுவிய பதிவேட்டையும் உருவாக்கும் சட்டத்தை 2023-ல் நாடாளுமன்றம் நிறைவேற்றியது. பதிவைப் புதுப்பிக்க ஐந்தாண்டுக்கு 150 மணி நேரத் தொடர்கல்வி வேண்டும் என்பது இந்திய செவிலியர் குழுமம் வகுத்த விதி. பதிவு பெற்றவரின் பெயரை நீக்கும் அதிகாரமும் பதிவு செய்த குழுமத்துக்கு உண்டு. பதிவு என்பதன் முழுப் பொருளும் இந்த அதிகாரத்தில்தான் அடங்கியிருக்கிறது: பறிக்க ஒன்று இருந்தால்தான் ஒருவரைப் பதில் சொல்ல வைக்க முடியும்.

சுவரொட்டியில் வரும் ஓராண்டுச் சான்றிதழ்ப் படிப்பு இந்தப் பட்டியலில் எங்கும் இல்லை. அதை முடித்தவர் உதவியாளராக வேலை செய்யலாம். செவிலியர் என்ற பெயரிலோ பொறுப்பிலோ அமர முடியாது. இதைப் பெற்றோருக்கு யாரும் முன்கூட்டிச் சொல்வதில்லை. நகையை அடகு வைத்துக் கட்டணம் கட்டிய பிறகு, பதிவுக்கு விண்ணப்பிக்கும்போதுதான் பல குடும்பங்களுக்கு உண்மை தெரிகிறது.

பதிவு பெறாத உதவியாளர்களை வைத்துக்கொள்வதே தவறு என்று இதிலிருந்து முடிவு கட்டக் கூடாது. 1976-ல் மதுரையில் டாக்டர் கோ. வெங்கடசாமி தொடங்கிய அரவிந்த் கண் மருத்துவமனை, பள்ளிப் படிப்பு முடித்த கிராமத்துப் பெண்களைத் தேர்ந்தெடுத்து, இரண்டாண்டுகள் பயிற்சி கொடுத்து, கண் சிகிச்சையின் குறிப்பிட்ட வேலைகளில் அமர்த்துகிறது. பார்வை அளவிடுவது, அறுவைக்கு முன் கண்ணைத் தயார் செய்வது போன்று வேலை குறுகியது, முறை எழுதப்பட்டது, மேற்பார்வை அருகிலேயே இருப்பது. இந்த மூன்றும் இருக்கும் இடத்தில் உதவியாளர் முறை நன்றாகவே நடக்கிறது. மூன்றும் இல்லாத சிறு மருத்துவமனையில், இரவு எட்டு மணிக்கு மேல் மருத்துவர் வீட்டுக்குப் போன பிறகு, வெள்ளைச் சீருடை போட்ட உதவியாளர் ஒருவரிடம் பத்து நோயாளிகளை ஒப்படைப்பதுதான் ஆபத்து.

2. செவிலியம் எதைப் பார்க்கிறது?

ஒருவருக்கு உடல்வலுவும் மனவுறுதியும் போதிய அறிவும் இருந்தால் தமக்குத் தாமே செய்துகொள்ளக்கூடியவற்றை, அவை இல்லாதபோது அவருக்காகச் செய்வதும், கூடிய விரைவில் அவரே செய்துகொள்ளும் நிலைக்குக் கொண்டுவருவதுமே செவிலியம் என்று அமெரிக்கச் செவிலியர் வர்ஜீனியா ஹெண்டர்சன் 1966-ல் வரையறுத்தார். மூச்சு விடுவது, உண்பது, கழிப்பது, உறங்குவது, புரண்டு படுப்பது, உடலைச் சுத்தமாக வைத்துக்கொள்வது என்று தொடங்கி, வழிபாடு, வேலை, பொழுதுபோக்கு வரை பதினான்கு தேவைகளை அவர் பட்டியலிட்டார். அமைதியான மரணத்துக்குத் துணை நிற்பதும் அவருடைய வரையறைக்குள் வந்தது.

மருத்துவர் நோயைக் கண்டறிகிறார். அந்த நோய் இந்த மனிதரை என்ன பாடு படுத்துகிறது என்பதைச் செவிலியர் கண்டறிகிறார். பக்கவாதம் என்பது மருத்துவரின் முடிவு. அதனால் இவர் விழுங்கும்போது புரையேறும் அபாயம் இருக்கிறது, படுக்கைப்புண் வரும் வாய்ப்பு அதிகம், பேச்சு போனதால் பசியைக்கூடச் சொல்ல முடியவில்லை என்பவை செவிலியரின் முடிவுகள். இவற்றுக்கு மருத்துவரின் சீட்டு தேவையில்லை. இரண்டு மணி நேரத்துக்கு ஒருமுறை புரட்டிப் படுக்க வைக்க யாருடைய உத்தரவுக்கும் காத்திருக்க வேண்டியதில்லை. ஆனால் புரட்டாமல் விட்டு முதுகில் புண் வந்தால் அது செவிலியக் குறைபாடு.

இந்தச் சிந்தனை முறை ஐந்து படிகளாகக் கற்பிக்கப்படுகிறது: தகவல் திரட்டல், பிரச்சினையை இனங்காணல், திட்டமிடல், செயல்படுத்தல், பலனைச் சரிபார்த்தல். புத்தகத்தில் இது வறட்டுப் பட்டியலாகத் தெரியும். வார்டில் எப்படி இயங்குகிறது என்பதை ஒரு கற்பனை எடுத்துக்காட்டில் பார்க்கலாம்.

உசிலம்பட்டிப் பக்கத்து விவசாயி ஒருவர். வயது 62, எடை 60 கிலோ. இடுப்பெலும்பு முறிவுக்குக் காலையில் அறுவைச் சிகிச்சை முடிந்து வார்டுக்கு வந்திருக்கிறார். கேஸ் ஷீட்டில் இப்படி இருக்கிறது:

இரவு 8 மணி: நாடி 84, மூச்சு 16, ரத்த அழுத்தம் 124/80, சிறுநீர் மணிக்கு 50 மில்லி.
இரவு 11 மணி: நாடி 104, மூச்சு 22, ரத்த அழுத்தம் 118/84, சிறுநீர் மணிக்கு 35 மில்லி.
இரவு 1 மணி: நாடி 118, மூச்சு 26, ரத்த அழுத்தம் 112/88, சிறுநீர் மணிக்கு 20 மில்லி.

அவர் வலிக்கிறது என்கிறார், தண்ணீர் கேட்கிறார், படுக்கையில் நிலைகொள்ளாமல் புரள்கிறார். வலி வந்தால் டைக்ளோஃபெனாக் ஊசி போடலாம் என்று மருத்துவர் எழுதி வைத்திருக்கிறார். உத்தரவை நிறைவேற்றுவது மட்டுமே வேலை என்றால் ஊசியைப் போட்டுவிட்டு அடுத்த படுக்கைக்குப் போய்விடலாம். ரத்த அழுத்தமும் பார்வைக்குச் சரியாகத்தான் இருக்கிறது.

பயிற்சி பெற்ற கண் வேறொன்றைப் பார்க்கிறது. மேல் அழுத்தத்துக்கும் கீழ் அழுத்தத்துக்கும் இடையே 44 ஆக இருந்த இடைவெளி 24 ஆகச் சுருங்கிவிட்டது. 60 கிலோ எடையுள்ளவருக்கு மணிக்குக் குறைந்தது 30 மில்லி சிறுநீர் பிரிய வேண்டும். அதற்கும் கீழே போய்விட்டது. ரத்தம் குறையும்போது உடல் முதலில் நாடியைக் கூட்டியும் ரத்தக் குழாய்களைச் சுருக்கியும் அழுத்தத்தைத் தாங்கிப் பிடிக்கிறது. தாங்க முடியாத கட்டத்தில்தான் அழுத்தம் சரிகிறது. அது சரியும்வரை காத்திருந்தால் நேரம் கடந்துவிடும். ஆகவே செவிலியர் போர்வையை விலக்கிக் கட்டைப் பார்க்கிறார்; மேலே உலர்ந்திருந்தாலும் ரத்தம் முதுகுப்பக்கம் வழிந்து தேங்கலாம் என்பதால் இடுப்புக்கு அடியில் கையைவிட்டுப் பார்க்கிறார்; வடிகுழாய்ப் பாட்டிலின் அளவைக் குறிக்கிறார்; கைகால் சில்லிட்டிருக்கிறதா என்று தொடுகிறார். குறைந்த ரத்த ஓட்டத்தில் டைக்ளோஃபெனாக் சிறுநீரகத்தைக் கெடுக்கும் என்பதால் அந்த ஊசியை நிறுத்தி வைக்கிறார். பிறகு தொலைபேசியை எடுக்கிறார்.

"சார், ஆர்த்தோ வார்டு, 14-ஆம் நம்பர் படுக்கை. காலையில் இடுப்பு ஆபரேஷன் ஆனவர். எட்டு மணிக்கு நாடி 84, இப்போது 118. கடைசி ஒரு மணி நேரத்தில் யூரின் 20 மில்லிதான். ட்ரெயின் பாட்டிலில் 300 மில்லி வந்திருக்கிறது. ரத்தம் கசிகிறது என்று நினைக்கிறேன். நீங்கள் வந்து பார்க்க வேண்டும். அதுவரை டிரிப்பை வேகமாக விடட்டுமா? பிளட் பேங்கில் சொல்லட்டுமா?"

இந்தப் பேச்சு நிலைமை, பின்னணி, கணிப்பு, வேண்டுகோள் என்ற நான்கு பகுதிகளில் அமைந்திருக்கிறது. அமெரிக்கக் கடற்படையின் நீர்மூழ்கிக் கப்பல்களில் புழங்கி, பிறகு மருத்துவமனைகளுக்கு வந்த முறை இது. "சார், பேஷண்ட்டுக்கு வலி அதிகமா இருக்காம்" என்று மட்டும் சொல்லியிருந்தால், தூக்கக் கலக்கத்தில் இருக்கும் பயிற்சி மருத்துவரிடமிருந்து "ஊசி போட்டுருங்க சிஸ்டர்" என்ற பதில்தான் வந்திருக்கும். "நினைக்கிறேன்" என்று கணிப்பைச் சொல்லத் தயங்கும் பழக்கம் நம் வார்டுகளில் இன்னும் இருக்கிறது. படிநிலைக்குக் காட்டும் பணிவு என்று அதை நியாயப்படுத்துகிறார்கள். அந்தப் பணிவுக்கு விலை கொடுப்பவர் நோயாளி.

3. உத்தரவை மறுக்கும் கடமை

சரியான நோயாளி, சரியான மருந்து, சரியான அளவு, சரியான வழி, சரியான நேரம் ஆகிய ஐந்தையும் சரிபார்த்த பிறகே மருந்து கொடுக்க வேண்டும் என்பது எல்லாச் செவிலியருக்கும் மனப்பாடம். அதிகம் பேசப்படாத மறுபக்கம் ஒன்று உண்டு: ஐந்தில் ஒன்று பொருந்தாவிட்டாலும் கொடுக்காமல் நிறுத்தி, எழுதியவரிடம் கேட்க வேண்டும். எழுதியவர் மருத்துவர் என்பதால் கொடுத்தவரின் பொறுப்பு தீர்ந்துவிடுவதில்லை.

இன்சுலினை எடுத்துக்கொள்வோம். இந்தியாவில் ஒரு மில்லியில் 40 யூனிட் கொண்ட குப்பியும் 100 யூனிட் கொண்ட குப்பியும் விற்பனையில் உள்ளன. இரண்டுக்கும் தனித்தனி சிரிஞ்சு. 40-க்கான சிரிஞ்சின் மூடி சிவப்பு, 100-க்கானது ஆரஞ்சு. 100 யூனிட் குப்பியிலிருந்து சிவப்பு மூடி சிரிஞ்சில் "10" என்ற கோடுவரை எடுத்தால், உள்ளே வருவது கால் மில்லி. அதாவது 25 யூனிட். மருத்துவர் எழுதியது சரி, நோயாளி சரி, மருந்தின் பெயரும் சரி. ஆனாலும் இரண்டரை மடங்கு மருந்து உடலுக்குள் போய்விடுகிறது. விடியற்காலையில் அவர் சர்க்கரை தாழ்ந்து நினைவிழந்து கிடப்பார். இதை எந்த மருத்துவரும் தம் அறையிலிருந்து தடுக்க முடியாது. சிரிஞ்சைக் கையில் பிடித்திருப்பவர் மட்டுமே தடுக்க முடியும்.

பொட்டாசியம் குளோரைடு இதைவிடக் கொடியது. நீர்க்கச் செய்யாமல் ரத்தக் குழாயில் நேரடியாகச் செலுத்தினால் இதயம் நின்றுவிடும். அதனால்தான் அந்த ஆம்பூல்களை வார்டு அலமாரியில் மற்ற மருந்துகளோடு கலந்து வைக்கக் கூடாது என்பதும், இரண்டு பேர் தனித்தனியாகச் சரிபார்க்க வேண்டும் என்பதும் பாதுகாப்பு விதிகளாக இருக்கின்றன.

தொலைபேசியில் வரும் வாய்மொழி உத்தரவுக்கும் முறை இருக்கிறது: கேட்டதை உடனே எழுத வேண்டும், எழுதியதைத் திருப்பி வாசித்துக் காட்ட வேண்டும், மருத்துவர் வந்ததும் கையெழுத்து வாங்க வேண்டும். அவசரம் இல்லாதபோது வாய்மொழி உத்தரவே கூடாது.

மறுபுறம், மருத்துவர் இல்லாத இடத்தில் செவிலியரே முதல் மருந்தைக் கொடுக்க அரசின் வழிகாட்டுதல்கள் இடம் தருகின்றன. வலிப்பு வந்த கர்ப்பிணிக்கு மக்னீசியம் சல்பேட்டின் முதல் ஊசியைப் போட்டுவிட்டு மேல்சிகிச்சைக்கு அனுப்ப, பயிற்சி பெற்ற கிராம சுகாதார செவிலியருக்கும் அனுமதி உண்டு. பேரையூர்ப் பக்கத்துச் சிற்றூரிலிருந்து மதுரை கோரிப்பாளையத்துப் பெரியாஸ்பத்திரி வரை ஆம்புலன்ஸ் வந்து சேரும் நேரத்தை நினைத்தால், அந்த ஓர் ஊசியின் மதிப்பு தெரியும்.

4. கேஸ் ஷீட் என்ற சாட்சி

"எழுதாதது நடக்காதது" என்பது செவிலியர் கல்லூரிகளில் திரும்பத் திரும்பச் சொல்லப்படும் வாசகம். நீதிமன்றமும் ஏறத்தாழ அப்படித்தான் பார்க்கிறது. "நோயாளி நலம், புகார் இல்லை" என்ற வரி எதையும் நிரூபிக்காது. நேரம், எண், பார்த்தது, செய்தது, யாரிடம் எப்போது சொன்னது ஆகியவை நிரூபிக்கும். "1.10-க்குப் பணி மருத்துவருக்குத் தொலைபேசியில் தெரிவிக்கப்பட்டது, 1.40 வரை வரவில்லை, 1.45-க்கு மீண்டும் அழைக்கப்பட்டது" என்ற ஒரே குறிப்பு, பின்னாளில் ஒரு செவிலியரின் வேலையையே காப்பாற்றலாம். காலை ஐந்து மணிக்கு உட்கார்ந்து, இரவு முழுவதற்குமான எண்களை ஒரே மூச்சில் நிரப்பும் வழக்கம் எத்தனை பழையதாக இருந்தாலும் பொய்ப் பதிவே. தவறாக எழுதியதை வெள்ளை மை பூசி மறைக்கக் கூடாது. ஒற்றைக் கோடு போட்டு, பக்கத்தில் திருத்தி, கையெழுத்திட வேண்டும்.

5. கையெழுத்தும் ரகசியமும்

அறுவைக்கு முந்தைய நாள் மாலையில் ஒப்புதல் படிவத்தை நீட்டிக் கையெழுத்தோ கைநாட்டோ வாங்கும் வேலை பல இடங்களில் செவிலியர் தலையில் விழுகிறது. என்ன செய்யப் போகிறோம், என்ன ஆபத்து, வேறு வழி என்ன என்று விளக்கி ஒப்புதல் பெறுவது மருத்துவரின் கடமை என்பதைச் சமீரா கோலி வழக்கில் 2008-ல் உச்ச நீதிமன்றம் தெளிவாக்கியது. செவிலியரின் கடமை வேறு: நோயாளிக்கு உண்மையில் புரிந்திருக்கிறதா என்று பார்ப்பது, புரியவில்லை என்றால் மருத்துவரைத் திரும்ப அழைப்பது. "எனக்கென்ன தெரியும், மகன் வரட்டும்" என்று சொல்லும் தாய்மார்கள் நம் பக்கத்தில் ஏராளம். மகனிடம் கலந்து பேச அவருக்கு எல்லா உரிமையும் உண்டு. ஆனால் சுயநினைவோடு இருக்கும் வயதுவந்த ஒருவருக்குப் பதிலாக மகன் போடும் கையெழுத்து ஒப்புதல் ஆகாது.

ரகசியம் காப்பது இதைவிடச் சிக்கலானது. எச்.ஐ.வி. தொற்று இருப்பதை நோயாளியின் சம்மதம் இல்லாமல் வெளியிடக் கூடாது என்று 2017-ஆம் ஆண்டுச் சட்டம் கூறுகிறது. படுக்கைத் தலைமாட்டில் சிவப்பு அட்டை மாட்டுவதும், வார்டு முழுக்கக் கேட்கும்படி துப்புரவுப் பணியாளரிடம் எச்சரிப்பதும் இச்சட்டத்துக்கு விரோதமானவை. கையுறையும் கைகழுவலும் எல்லா நோயாளிக்கும் ஒன்றே என்றிருந்தால் தனி அடையாளத்துக்குத் தேவையே இல்லை.

ஆனால் சொல்லியே ஆக வேண்டிய இடமும் உண்டு. கிராம சுகாதார செவிலியர் கர்ப்பிணிகளைப் பதிவு செய்யும்போது பதினாறு, பதினேழு வயதுப் பெண்ணைச் சந்திக்க நேரிடும். பதினெட்டு வயது நிறையாதவர் என்று தெரிந்தால், குழந்தைகளைப் பாலியல் குற்றங்களிலிருந்து காக்கும் 2012-ஆம் ஆண்டு போக்சோ சட்டப்படி காவல்துறைக்குத் தகவல் தர வேண்டும். தராமல் மறைத்தால் ஆறு மாதம் வரை சிறைத் தண்டனை. தகவல் தந்தால், அதே தெருவில் நாளைக்கும் நடந்து போக வேண்டிய அவர் ஊராரின் பகையைச் சம்பாதிக்கிறார். அடுத்த பெண் பரிசோதனைக்கே வராமல் மறைந்துவிடும் ஆபத்தும் இருக்கிறது. இந்த இக்கட்டை உச்ச நீதிமன்றம் 2022 செப்டம்பரில் ஓரளவு உணர்ந்து, சிறுமிக்குக் கருக்கலைப்பு செய்யும் பதிவு பெற்ற மருத்துவர், சிறுமியும் காப்பாளரும் கேட்டுக்கொண்டால், காவல்துறைக்குத் தரும் தகவலில் அவளுடைய பெயரை வெளியிட வேண்டியதில்லை என்றது. அந்தத் தளர்வு மருத்துவரைப் பற்றியது. ஊரில் தனியாக நிற்கும் செவிலியருக்கு அப்படியொரு கவசத்தைச் சட்டம் இன்னும் தரவில்லை.

6. தவறு நேர்ந்தால் யார் பதில் சொல்வது?

பொறுப்பு மூன்று தளங்களில் வருகிறது. அவை ஒன்றையொன்று விலக்குவதில்லை; ஒரே நிகழ்வுக்கு மூன்றும் சேர்ந்தே வரலாம்.

1. இழப்பீடு. தனியார் மருத்துவமனைச் சேவை நுகர்வோர் சட்டத்துக்குள் வரும் என்று 1995-ல் வி.பி. சாந்தா வழக்கில் உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது. எல்லோருக்கும் இலவசமாகச் சிகிச்சை தரும் அரசு மருத்துவமனை அதற்குள் வராது. அங்கே நேர்ந்த தவறுக்கு உரிமையியல் நீதிமன்றத்தையோ உயர் நீதிமன்றத்தையோதான் நாட வேண்டும். ஊழியரின் தவறுக்கு நிர்வாகம் பொறுப்பு என்பதும் நிலைபெற்ற சட்டம். 1998-ல் தீர்ப்பான ஸ்பிரிங் மெடோஸ் மருத்துவமனை வழக்கில், குழந்தைக்குப் போட்ட ஊசியால் மூளை நிரந்தரமாகப் பாதிக்கப்பட்டது. ஊசி போட்டவர் எந்த மாநிலக் குழுமத்திலும் பதிவு பெறாதவர் என்பது விசாரணையில் தெரியவந்தது. மருத்துவமனைதான் இழப்பீடு தர வேண்டியிருந்தது. குறைந்த சம்பளத்துக்குக் கிடைக்கிறார்கள் என்று தகுதியற்றவரை வைத்துக்கொள்ளும் நிர்வாகங்கள் இந்தத் தீர்ப்பைச் சுவரில் மாட்டி வைக்கலாம்.

2. பதிவு. குழுமத்தின் விசாரணை, எச்சரிக்கை, பெயர் நீக்கம்.

3. குற்றவியல். பொதுப் பேச்சில் கவனிக்கப்படாத ஒரு மாற்றம் இங்கே நடந்திருக்கிறது. அலட்சியத்தால் மரணம் விளைவித்தால் பழைய இந்திய தண்டனைச் சட்டத்தின் 304-ஏ பிரிவின்படி எல்லோருக்கும் அதிகபட்சம் இரண்டு ஆண்டு. 2024 ஜூலை 1 முதல் நடைமுறையில் உள்ள பாரதிய நியாய சன்ஹிதாவின் 106(1) பிரிவு அதை ஐந்து ஆண்டாக உயர்த்தியது. மருத்துவச் செயல்முறையின்போது பதிவு பெற்ற மருத்துவரால் நேர்ந்தால் மட்டும் இரண்டு ஆண்டு என்று சலுகை தந்தது. அந்தச் சலுகைக்குரியவர் யார் என்ற விளக்கம், தேசிய மருத்துவ ஆணையச் சட்டப்படி தகுதியும் பதிவும் பெற்றவர் என்கிறது. செவிலியர் அந்த வரையறைக்குள் வரமாட்டார். ஒரே அறையில், ஒரே சிகிச்சையில், ஒரே வகை அலட்சியத்துக்கு மருத்துவருக்கு அதிகபட்சம் இரண்டு ஆண்டு, செவிலியருக்கு ஐந்து ஆண்டு. இந்த வேறுபாட்டுக்கு நியாயம் எதுவும் எனக்குத் தென்படவில்லை. சாதாரணப் பிழைக்கும் மோசமான அலட்சியத்துக்கும் வேறுபாடு காண வேண்டும் என்று ஜேக்கப் மேத்யூ வழக்கில் 2005-ல் உச்ச நீதிமன்றம் வகுத்த அளவுகோல் மருத்துவரை மனத்தில் வைத்து எழுதப்பட்டது. அது செவிலியருக்கும் பொருந்தும் என்று வாதிட இடமிருக்கிறது.

செவிலியரைத் தாக்குவோருக்கு எதிராகத் தமிழ்நாட்டில் 2008-ல் இயற்றிய சட்டம் இருக்கிறது என்பதையும் இங்கே குறிப்பிட வேண்டும். இறப்புச் செய்தியைக் கேட்டு ஆத்திரப்படும் உறவினர் முதலில் பார்ப்பது மருத்துவரை அல்ல, அங்கே நிற்கும் செவிலியரைத்தான்.

7. ஓர் இரவு, நாற்பது நோயாளிகள்

இதுவரை சொன்ன கடமைகள் அனைத்துக்கும் நேரம் வேண்டும். நாற்பது நோயாளிகளுக்கு ஒரே செவிலியர் இருக்கும் ஓர் இரவில் அந்த நேரத்தைக் கணக்கிட்டுப் பார்க்கலாம். நாடி, மூச்சு, அழுத்தம், வெப்பம் ஆகியவற்றைப் பார்த்து எழுத ஒருவருக்கு நான்கு நிமிடம் என்று வைத்தால், நாற்பது பேருக்கு 160 நிமிடம். நான்கு மணி நேரத்துக்கு ஒருமுறை பார்க்க வேண்டும் என்றால், ஒவ்வொரு 240 நிமிடத்திலும் 160 நிமிடம் இதற்கே போய்விடும். மருந்து, டிரிப், கட்டு, புதிய அட்மிஷன், கைகழுவல், எழுத்து வேலை எல்லாவற்றுக்கும் எஞ்சியது 80 நிமிடம். ஆளுக்கு இரண்டு நிமிடம். மூச்சை எண்ணாமலே "18" என்று எழுதும் பழக்கம் இந்தக் கணக்கிலிருந்துதான் பிறக்கிறது. உசிலம்பட்டி விவசாயியின் 16, 22, 26 என்ற ஏற்றம் அப்போது யார் கண்ணிலும் படாது.

மருத்துவக் கல்லூரி மருத்துவமனையின் பொது வார்டில் மூன்று நோயாளிக்கு ஒரு செவிலியர் என்ற கணக்கில் பணியிடங்கள் வேண்டும் என்பது இந்திய செவிலியர் குழுமத்தின் அளவுகோல். ஒரு ஷிஃப்டுக்கு ஒன்பது நோயாளிக்கு ஒருவர் என்று இது வரும். அதன்படி நாற்பது பேருக்கு ஒவ்வொரு ஷிஃப்டிலும் நான்கைந்து பேர் இருக்க வேண்டும். முன்பு எர்ஸ்கின் மருத்துவமனை என்று பெயர் கொண்டிருந்த மதுரை அரசு ராஜாஜி மருத்துவமனைக்குத் தேனி, திண்டுக்கல், சிவகங்கை, விருதுநகர், ராமநாதபுரம் என்று சுற்றியுள்ள மாவட்டங்களிலிருந்தெல்லாம் நோயாளிகள் வருகிறார்கள். இப்படிப் பல மாவட்டத்துக்கு மேல்சிகிச்சை தரும் எந்த அரசு மருத்துவமனையும் படுக்கை இல்லை என்று யாரையும் திருப்பி அனுப்ப முடியாது. செவிலியர் எண்ணிக்கையோ நோயாளி எண்ணிக்கையோடு சேர்ந்து கூடுவதில்லை. அந்த இடைவெளியை நோயாளிக்குத் துணைக்கு இருப்பவர்கள் நிரப்புகிறார்கள்: புரட்டுவது, ஊட்டுவது, டிரிப் முடிந்தால் ஓடி வந்து சொல்வது எல்லாம் அவர்கள்தான். துணைக்கு ஆளில்லாத முதியவருக்கு இவை நடக்கின்றனவா என்று பார்க்க யாரும் இல்லை.

பணி நிரந்தரக் கோரிக்கையையும் இந்த இடத்தில் வைத்துத்தான் பார்க்க வேண்டும். 2012-ல் அமைந்த மருத்துவப் பணியாளர் தேர்வு வாரியத்தின் வழியாக 2015 முதல் செவிலியர்கள் தேர்வெழுதி, தொகுப்பூதியத்தில் சேர்ந்தார்கள். இரண்டாண்டுகளுக்குப் பிறகு காலமுறை ஊதியம் என்பது அவர்களின் எதிர்பார்ப்பு. அது நடக்காததால் 2017 நவம்பரில் சென்னையில் பெரும் போராட்டம் வெடித்தது. அதன்பின் பலமுறை தொடர்ந்தது. இதை ஊதியப் பிரச்சினையாக மட்டும் பார்ப்பது போதாது. அடுத்த ஆண்டு வேலை இருக்குமா என்று தெரியாதவரிடம், மூத்த மருத்துவரின் உத்தரவைக் கேள்வி கேட்கவும், "ஆள் போதவில்லை" என்று கண்காணிப்பாளருக்கு எழுத்தில் கொடுக்கவும் எதிர்பார்க்கிறோம். பாதுகாப்பற்ற ஆள்பலத்தைத் தேதி, ஷிஃப்ட், நோயாளி எண்ணிக்கையோடு எழுத்தில் தெரிவிப்பது செவிலியரின் தொழில் கடமைகளில் ஒன்று. அப்படி எழுதிய தாளின் நகல் கையில் இருந்தால், வழக்கு வரும் நாளில் கேள்வி செவிலியரிடமிருந்து நிர்வாகத்தை நோக்கித் திரும்பும்.

குடும்பத்தார் செய்யக்கூடியதும் ஒன்று உண்டு. தனியார் மருத்துவமனையில் சேர்க்கும்போது, இரவில் இந்த வார்டில் பதிவு பெற்ற செவிலியர் எத்தனை பேர் என்று கேட்கலாம். அறையின் வாடகையையும் குளிர்சாதன வசதியையும் கேட்பவர்கள் இதைக் கேட்பதில்லை. கேட்டால் பதில் சொல்ல வேண்டியது நிர்வாகத்தின் வேலை.